எட்டாயிரம் போதும்னு சொன்னது நான்தான்

போன மாசக் கடைசியில, ஆபீசுக்குப் புதுசாச் சேர்ந்த நீங்க அஞ்சு பேரும் என்னையப் பாக்க வீட்டுக்கு வந்தீக. இருவது வருசத்துக்கு மேல களத்துல நடந்தவ, ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்னு வந்தீக. சந்தோசம். காபி குடிச்சீக. உங்கள்ல ஒரு பொண்ணு, காலேஜ்ல சமூகப்பணி படிச்ச பொண்ணு, "நாங்க சம்பளத்தைப் பாத்து வரலைம்மா, சேவைக்காக வந்திருக்கோம்"னு சொல்லுச்சு. மத்த நாலு பேரும் தலையை ஆட்டுனீக.

எனக்குக் கோவம் ஏறுச்சு. வீட்டுக்கு வந்தவுககிட்டக் காட்டக் கூடாதுன்னு முறுக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிட்டேன். பத்து நாளாச்சு, இன்னும் அடங்கல. அந்தப் பொண்ணு மேல உள்ள கோவம் இல்ல அது. அதே வார்த்தையை நான் ஒரு தரம் சொல்லி, அதுக்கு இன்னொருத்தி விலை கொடுத்தா. அதை உங்களுக்குச் சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது.

நான் மூணாங் கிளாஸ். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது போயிரும். அவசரம் ஒண்ணும் இல்ல. நீங்களும் மெதுவாப் படிங்க.

பிள்ளைகளைப் பட்டாசு வேலையில இருந்து பள்ளிக்கூடத்துக்குத் திருப்புற இந்த ஆபீசுக்கு வர்றதுக்கு முன்னால நான் அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில சரம் பின்னுனவ. எங்க அப்பனும் ஆத்தாளும் காட்டு வேலை பாத்தவுக. மழை ஏமாத்தி ஏமாத்திக் காடு கரம்பாப் போனதும் நாங்க அம்புட்டுப் பேரும் கம்பெனி வேனுல ஏறினோம். என் கை வேகமான கை. பக்கத்துல இருக்கிறவ ஒரு சரம் பின்னுற நேரத்துல நான் ஒண்ணரை பின்னுவேன். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்கும்தான் சொல்றேன்.

கம்பெனியில புதுச் சரக்கு வந்தா ரேட்டு கட்டுவாக. இந்தச் சரம் நூறு பின்னுனா எம்புட்டுக் கூலின்னு முடிவு பண்றதுக்குப் பேரு ரேட்டு கட்டுறது. போர்மேன் கடிகாரத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தியை உக்கார வச்சு ஒரு மணி நேரம் பின்னச் சொல்லுவாரு. அவ எம்புட்டுப் பின்னுறாளோ அதான் கணக்கு. அவ கை வேகமா இருந்துட்டா நூத்துக்கு உள்ள ரேட்டு கீழ போயிரும். அந்த ரேட்டுத்தான் வயசானவளுக்கு, அதேதான் கைப்பிள்ளைக்காரிக்கு, அதேதான் நேத்து வேலைக்குச் சேர்ந்தவளுக்கு.

அதனால ரேட்டு கட்டுற அன்னிக்கு எங்க செட்டுப் பொம்பளைக என்னையக் கக்கூசுக்கு விரட்டி விட்டுருவாக. போர்மேன் வந்து, "எங்க அந்தப் பாக்கியம்?"னு தேடுவாரு. "அவளுக்கு வயித்தாலப் போகுது சார், காலையில இருந்து அங்கனதான் கிடக்கா"ன்னு இவளுக மொகத்தைச் சுளிச்சுக்கிட்டுச் சொல்லுவாளுக. அவருக்கும் தெரியும். போன சரக்குக்கும் எனக்கு வயித்தாலதான் போச்சு. முணுமுணுத்துக்கிட்டே வேற ஒருத்தியை உக்கார வைப்பாரு. அந்தத் தகரக் கதவுக்குள்ள, அந்த வெக்கையில, சேலையால மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு மணி நேரம் நிப்பேன். அப்படித்தான் எங்க செட்டுக்குக் கூலி இறங்காம நின்னுச்சு.

இந்தக் கதையை நான் பஸ்சுல எத்தனையோ தரம் ஆபீசுப் பொம்பளைகளுக்குச் சொல்லியிருக்கேன். அவுகள்ல மைமூனுக்குத்தான் இது ரொம்பப் பிடிக்கும். "யக்கா, அந்த வயித்தாலப் போன கதையைச் சொல்லுங்க"ன்னு கேட்டுக் கேட்டுச் சிரிப்பா.

மைமூன் சிவகாசி டவுன்காரி. புருஷன் பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில துணி வித்தாரு. ஒரு பொண்ணு, ஒரு பையன், வாடகை வீடு. எனக்கு ரொம்ப வருசம் கழிச்சு வேலைக்கு வந்தா. வந்த ஆறு மாசத்துல என்னைய மிஞ்சிட்டா. நான் ஒரு வீட்டுக்குப் போயிப் பிள்ளையை ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலைன்னு கேட்டா சண்டை வரும். அவ கேட்டா அந்த வீட்டுக்காரியே அழுதுக்கிட்டுப் பையைத் தேடி எடுப்பா. நாரணாபுரத்துல அவளுக்குத் திறக்காத கதவு கிடையாது. ஈ.எஸ்.ஐ. பாரம் நிரப்புறதுல கெட்டி. கம்பெனியில வேலை பாக்கிற எத்தனையோ பொம்பளைகளுக்கு, கார்டு கேளு, பி.எப். நம்பர் கேளு, வெக்கப்படாமக் கேளுன்னு சொல்லிக் கொடுத்து வாங்க வச்சவ அவ.

அவளுக்கு அது ரெண்டும் கிடையாது. எனக்கும் கிடையாது. களத்துல நடந்த எங்க ஏழு பேருல ஒருத்திக்கும் கிடையாது.

எங்க செயலாளர் ஐயா காலேஜ்ல வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நல்ல மனுசன். பஸ்சுலதான் வருவாரு, வீட்டுச் சாப்பாட்டைத் தூக்குல கொண்டு வருவாரு, நிறுவனத்துக் காசுல ஒரு டீ குடிக்க மாட்டாரு. சம்பளம்னு சொன்னா அவருக்குப் பிடிக்காது. மதிப்பூதியம்னு சொல்லணும். சாயங்கால வகுப்பு எடுக்கிற பிள்ளைகளைப் பணியாளர்னு சொல்ல மாட்டாரு, தன்னார்வலர்னு சொல்லுவாரு. நாங்களும் அதைக் கேட்டுக் கேட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தோம். கூலிக்காரியா இருந்தவளை மதிப்புக்காரியா ஆக்கிட்டாகல்ல.

அப்பத்தான் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறவுக ஒரு கடிதாசி போட்டாக. சம்பளத்துக்கு ஒரு விதிமுறை எழுதணும், கமிட்டி வச்சுப் பேசணும், கமிட்டியில பணியாளர் சார்பா ஒரு ஆள் இருக்கணும்னு எழுதியிருந்தாக. ஐயா என்னையச் சொன்னாரு. மூத்தவ, எல்லாரும் மதிக்கிறவ. எனக்கும் தலைகால் புரியல.

சூலக்கரையில நம்ம ஆபீசு மேசையைச் சுத்தி நாலு பேரு உக்காந்தோம். ஐயா, ஆடிட்டர், காலேஜ்ல வேலையில இருக்கிற ஒரு டீச்சரம்மா, நான். எனக்குக் கை வச்ச நாற்காலி. சம்பள முறைக்கு எழுதின வரைவுன்னு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தாக. எனக்குன்னு அதைத் தமிழ்ல அடிச்சு வச்சிருந்தாக. நான் அதை வாங்கி, மடிச்சு, கைப்பைக்குள்ள வச்சேன். பிரிச்சுப் படிச்சா எழுத்துக் கூட்டுறது தெரிஞ்சுபோகும், வாய் முணுமுணுக்கும், அந்த டீச்சரம்மா பாப்பாக. மானம்னு நினைச்சேன். வெறும் திமிரு.

ஆடிட்டர் என்னையப் பாத்து, "நீங்கதாம்மா களத்துல இருக்கிறவுக. நீங்களே சொல்லுங்க, ஒரு களப்பணியாளருக்கு மாசம் எம்புட்டு இருந்தாப் போதும்?"னு கேட்டாரு.

"எட்டாயிரம் இருந்தாப் போதும் சார். ராஜாத்தி மாதிரி இருக்கலாம்"னேன். "காசைப் பாக்கிறவளா இருந்தா நாங்க சரம் பின்னிக்கிட்டே இருந்திருப்போமே."

எல்லாரும் சிரிச்சாக. டீச்சரம்மா என் கையைப் பிடிச்சு அமுக்குனாக. ஐயா கண்ணாடியைக் கழத்தித் துடைச்சுக்கிட்டு, "இதைத்தான் நான் இம்புட்டு வருசமாச் சொல்றேன்"னாரு. ஆடிட்டர் விடல. ஈ.எஸ்.ஐ., பி.எப். ரெண்டும் தாள்ல இருக்கு, நாம பத்துப் பேருக்குக் கீழ இருக்கிறதால சட்டப்படி கட்டாயம் இல்ல, வேணுமா வேண்டாமான்னு கேட்டாரு. பத்துப் பேருக்குக் கீழ எப்படி இருந்தோம்னா, தன்னார்வலர்களை எண்ணாம இருந்தோம்.

"அதெல்லாம் மொதலாளிமார்கிட்டக் கேக்கிறது சார். நம்ம வீட்டுக்குள்ள நாமளே கேப்பமா?"ன்னேன்.

மறுபடியும் சிரிப்பு. ஆடிட்டர் பேனாவை எடுத்து அவரு தாள்ல ரெண்டு மூணு வரியை அடிச்சாரு. எனக்கு ரெண்டாவது வடை வச்சாக. தின்னேன்.

எனக்கு அன்னிக்கு வீடு சொந்தம். எங்க வீட்டுக்காரரு செத்துப்போகுமுன்னால கட்டி முடிச்ச வீடு. மகளைக் கட்டிக் கொடுத்தாச்சு. மகன் திருப்பூர்ல இருந்து மாசாமாசம் அனுப்புறான். ரேசன் அரிசி. ஒரே ஒரு வயிறு. குறைஞ்ச செலவுக்காரியாப் பாத்து மேசையில உக்கார வச்சு, உனக்கு எம்புட்டுப் போதும்னு கேட்டாக. நானும் கை ஓடுன ஓட்டத்துக்குப் பின்னிக் காட்டிட்டு வந்தேன். போர்மேன்கிட்ட ஏமாறாதவ கும்பிட்டுக் கூப்பிட்டவுககிட்ட ஏமாந்தேன். யாரும் என்னைய ஏமாத்தவும் இல்ல, அதையும் சொல்லிறணும். அவுக கேட்டாக, நான் சொன்னேன்.

மறுநாள் ஆபீசுல பொம்பளைககிட்ட நெஞ்சு நிமித்திச் சொன்னேன். அதுவரைக்கும் வாங்கினதை விட ஐநூறு ரூபா கூடத்தான். மைமூன்தான் கேட்டா, வாடகை கொடுக்கிறவ என்ன பண்ணுவான்னு. சேவைன்னு வந்துட்டு வாடகையைப் பேசுறியேன்னு சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். அவ, "சரிக்கா"ன்னு சொல்லிட்டு நோட்டை எடுத்துக்கிட்டு நாரணாபுரம் பஸ்சுக்குப் போயிட்டா.

தாள்ல எங்களுக்குன்னு போட்டு, நாங்க வேண்டாம்னு சொன்ன காசு எங்க போச்சுன்னு கேப்பீக. பணம் கொடுத்தவுககிட்டக் கேட்டு மாத்திக்கிட்டாக. பயிற்சிக்கு உக்காந்தீகளே ஒரு ஹால், பளபளன்னு தரைக்கல்லு போட்டது, அங்கதான் போச்சு. அடுத்த தரம் போனா குனிஞ்சு பாத்துட்டு உக்காருங்க.

அடுத்த வருசம் மைமூன் புருஷனுக்குச் சர்க்கரை முத்தி கால் விரலை எடுத்தாக. வண்டி தள்ள முடியல. மருந்துக்கடைக்கே இவ மதிப்பூதியத்துல பாதி போச்சு. என்கிட்ட இதை அவ சொல்லல. நானும் கேக்கல. பஸ்சுல கதை கேக்கிறதை மட்டும் நிறுத்திட்டா. அதைக் கூட நான் வேலைக் களைப்புன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆடி பிறந்துட்டா நமக்குக் கணக்கெடுப்பு. தீபாவளி ஆர்டர் குவியும், வீட்டுக்கு வீடு வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுவாக, பிள்ளைக பள்ளிக்கூடத்துல இருந்து நின்னுரும். எந்த வீட்டுல எந்தப் பிள்ளை நின்னுருச்சுன்னு நாம பேரு எழுதணும். அவுகவுக தெருவை அவுகவுக எடுக்கக் கூடாது. மைமூன் குடியிருந்த தெரு எனக்கு வந்துச்சு.

அவ வீட்டுத் திரையை விலக்கிக்கிட்டு உள்ள போனேன். பொண்ணு சபீனா மடியில பலகையை வச்சுக் குழாய் சுருட்டிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல பசைக் கிண்ணம். சுருட்டுன குழாய் முழங்கால் உயரத்துக்குக் கிடந்துச்சு. எட்டாங் கிளாஸ் படிக்கிற பிள்ளை. என்னையப் பாத்ததும் கையைப் பின்னால கொண்டுபோச்சு. கட்டில்ல கட்டுப் போட்ட காலோட படுத்திருந்த புருஷன், "வாங்கக்கா"ன்னு எந்திரிக்கப் பாத்தாரு.

நான் நின்ன வாக்குல நோட்டைத் திறந்து அந்தப் பிள்ளை பேரை எழுதுனேன். எனக்குத் தெரிஞ்ச எழுத்துல, மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. எழுதி முடிக்கையில மைமூன் தண்ணிக் குடத்தோட உள்ள வந்தா.

"எழுதிட்டீகளாக்கா?"

"எழுதிட்டேன். ஊரான் பிள்ளையை எல்லாம் கையைப் பிடிச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போறவ, உன் பிள்ளை கையில பசையை அப்பி வச்சிருக்கியே. வெக்கமா இல்ல உனக்கு?"

குடத்தை இறக்கி வச்சா. முந்தானையால கையைத் துடைச்சா.

"இருக்குக்கா. ரெண்டு வாரமா இருக்கு. மருந்துக்கடையில வெக்கத்தை வாங்கிக்கிட மாட்டேங்கிறாக."

நான் நோட்டை மூடுனேன். அவ பிள்ளை பக்கத்துல இருந்த பசைக் கிண்ணத்தை ஓரமா நகத்துனா. அப்புறம் சத்தம் கூட்டாமக் கேட்டா.

"அன்னிக்கு ஆபீசுல உங்களுக்கு வயித்தாலப் போயிருக்கக் கூடாதாக்கா?"

கட்டில்ல இருந்தவருக்கு ஒண்ணும் புரியல. பிள்ளைக்கும் புரியல. எனக்குப் புரிஞ்சுச்சு. செருப்பைத் தேடுறேன், கால்ல நுழைய மாட்டேங்குது. தண்ணி குடிச்சுட்டுப் போங்கன்னு பின்னாலயே சொன்னா. நிக்கல.

பேரை எழுதுனது தப்புன்னு நான் இன்னிக்கும் நினைக்கல. ஊருக்கு ஒரு கணக்கு, நம்மாளுக்கு ஒரு கணக்குன்னு எழுதத் தொடங்கிட்டா அப்புறம் நாரணாபுரத்துல எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கதவைத் தட்டுறது? ஆனா ஒரு பிள்ளை பேரை எழுதுனா, அது ஏன் அங்கன உக்காந்திருக்குங்கிறதையும் எழுதணும். அந்த எடத்தை நான் காலியா விட்டுட்டு வந்தேன்.

நோட்டு ஆபீசுக்குப் போச்சு. மூணாம் நாள் ஐயா கூப்பிட்டாரு. தன் வீட்டுப் பிள்ளையை வேலைக்கு விடுற பணியாளரை நீக்கணும்னு வேலைக்குச் சேரும்போதே நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம். நீக்குற கடிதாசி அடிச்சு ரெடியா இருந்துச்சு. பணியாளர் சார்பா நான் கையெழுத்துப் போடணும். "எனக்கு மட்டும் சந்தோசமா பாக்கியம்மா? இதை விட்டுட்டா நாம எதுக்கு இருக்கோம்னு கேப்பாக"ன்னாரு. அவரு சொன்னதும் சரிதான். ரெண்டு நாள் டயம் கேட்டுட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தத் தமிழ்த் தாளை எடுத்தேன். கொடுத்த அன்னிக்கு மடிச்ச மடிப்பு அப்படியே இருந்துச்சு. சோத்துக்கு உலை வைக்காம உக்காந்து எழுத்துக் கூட்டுனேன். வெயில் சாயுற வரைக்கும் நாலு பக்கம். களப்பணியாளருக்கு மாசச் சம்பளம் பன்னெண்டாயிரம். பி.எப். உண்டு. ஈ.எஸ்.ஐ. உண்டு, புருஷன் பிள்ளைகளுக்கும் சேத்து வைத்தியம். அஞ்சு வருசத்துக்கு மேல வேலை பாத்தவுகளுக்கு விலகும்போது ஒரு தொகை. அம்புட்டும் தாள்ல இருந்துச்சு. நாங்க கேக்காமலே இருந்துச்சு. ஆடிட்டர் அடிச்ச வரி இதுதான். அடிக்கச் சொன்ன வாய் என் வாய்.

மறுபடியும் அதே மேசை, அதே நாலு பேரு. ஆடிட்டர் கடிதாசியை என் பக்கம் தள்ளுனாரு. நான் என் தாளைப் பிரிச்சு அவரு பக்கம் தள்ளுனேன்.

"அது முடிஞ்சுபோன விசயம்மா. நீங்கதான ஒத்துக்கிட்டீக"ன்னாரு.

"ஒத்துக்கிட்டேன் சார். படிக்காம ஒத்துக்கிட்டேன். இப்ப ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதீக. இந்த மேசையில இருக்கிறவுக வீட்டுல அடுப்பு எந்தக் காசுல எரியுதுன்னு ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. மொதல்ல நான் சொல்றேன். எனக்கு மகன் அனுப்புறான். வீடு சொந்தம்."

ஆடிட்டர், இது என்ன பேச்சுன்னு ஐயாவைப் பாத்தாரு. ஐயாவுக்கு முகம் சிவந்துபோச்சு.

"நான் இந்த நிறுவனத்துல ஒரு பைசா வாங்குனதில்ல பாக்கியம்மா. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்யா. அதைத்தான் சொல்றேன். உங்களுக்குப் பென்சன் வருது. டீச்சரம்மாவுக்குக் காலேஜ் சம்பளம். சாருக்கு ஊரெல்லாம் கணக்குப் பாக்கிற வருமானம். நாம போட்ட எட்டாயிரத்துல சோறு திங்கிற ஒருத்தி கூட இந்த மேசையில இல்ல. அவ வீட்டுல உக்காந்து பிள்ளைக்குப் பசை கிண்டிக் கொடுக்கிறா. அந்தப் பிள்ளை குழாய் சுருட்டுனது தப்புன்னா, சுருட்ட வச்ச நாலு பேரும் இங்கதான் இருக்கோம். நீக்குறதுன்னா எங்க இருந்து தொடங்குறது, சொல்லுங்க."

டீச்சரம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. ஆடிட்டர், ரூல் ரூல்தானன்னு இழுத்தாரு. நான் அந்தக் கடிதாசியைத் திருப்பி, பின்பக்கத்துல எழுதுனேன். எட்டாயிரம் போதும் என்று நான் சொன்னது தப்பு, பழைய தாள்படி மறுபடியும் பேச வேண்டும், பாக்கியம். இம்புட்டுத்தான். எனக்கு அதை எழுத எம்புட்டு நேரம் ஆகும்னு உங்களுக்குச் சொல்லியிருக்கேன். வாய் முணுமுணுத்துச்சு. பாக்கட்டும்னு எழுதுனேன். நாலு பேருக்கு முன்னால எழுத்துக் கூட்டுறதுக்கு அன்னிக்கு எனக்கு வெக்கம் வரல. முன்னாலயே வராம இருந்திருக்கணும்.

ஐயா அதை வாங்கி ரெண்டு தரம் படிச்சாரு. நீக்குற பேச்சை அன்னியோட விட்டாக. ஆனா பழைய தாள் நடப்புக்கு வர்றதுக்குப் பங்குனி தாண்டிச் சித்திரை ஆச்சு. பணம் கொடுத்தவுக ஒரு கேள்வி கூடக் கேக்கல, உடனே சரின்னாக. அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது. பன்னெண்டாயிரம், பி.எப்., ஈ.எஸ்.ஐ., தன்னார்வலர்களையும் ஆளாக் கணக்குல எடுத்தது, எல்லாம் வந்துச்சு. இன்னிக்கு நீங்க கையெழுத்துப் போட்டு வாங்குறீகளே அது அங்கன இருந்து வந்தது. யாரும் சேவை செஞ்சு கொடுத்ததில்ல.

மைமூன் சித்திரை வரைக்கும் காத்திருக்கல. நான் அவ வீட்டுல இருந்து செருப்பை மாட்டிக்கிட்டு வந்த மறு வாரமே ஒரு காலண்டர் கம்பெனியில பைண்டிங் வேலைக்குச் சேர்ந்துட்டா. ஆபீசுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்து விட்டிருந்தா. எட்டு வருசம் உழைச்சவளுக்கு ஏதாவது கொடுக்கணும்னு கமிட்டியில நான் மல்லுக்கு நின்னேன். போனவளுக்குக் கொடுக்கப் பழைய முறையில எடம் இல்ல, புது முறை சித்திரையில இருந்துதான்னு சொல்லிட்டாக. நல்லாப் பணியாற்றினார்னு ஒரு சான்றிதழ் கொடுத்தாக.

புதுத் தாளைப் பையில வச்சுக்கிட்டு ஒரு மத்தியானம் அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மணி அடிச்சு வெளிய வந்தா. ஒல்லியாயிட்டா. கையில காகிதம் அறுத்த கோடு கோடா இருந்துச்சு. சபீனா பள்ளிக்கூடம் போகுதுன்னு சொன்னா, நான் கேக்குமுன்னாலயே சொன்னா. புருஷனுக்கு ஊசி மருந்து ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில கிடைக்குதாம். ஊர்ப் பொம்பளைகளுக்கு எல்லாம் பாரம் நிரப்பிக் கொடுத்தவ, தனக்கு ஒண்ணு நிரப்புறதுக்குக் காலண்டர் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்துச்சு.

தாளைக் காட்டுனேன். முழுசும் படிச்சா, என்னைய மாதிரி இல்ல, மடமடன்னு.

"நல்லா இருக்குக்கா. புதுசா வர்றவுகளுக்கு ஆகும்."

"உனக்குத்தான்டி இது. வா. நாரணாபுரத்துல உன்னையக் கேக்கிறாக."

"வரலக்கா."

"என் மேல கோவமா?"

"இருந்துச்சு. இப்ப இல்ல." தூக்கைத் திறந்து சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னா. "இங்கன கை வலிச்சா வலிக்குதுன்னு சொல்லலாம்க்கா. கூலி பத்தலைன்னா பத்தலைன்னு சொல்லலாம். வேலையே தப்பாப் போயிறாது. அங்கன அதைச் சொன்னா நான் மட்டமான பொம்பளையா ஆயிருவேன். எட்டு வருசம் அதுக்குப் பயந்துக்கிட்டே இருந்தேன். திரும்ப என்னால முடியாது."

எனக்கும் ஒரு வாய் சோறு கொடுத்தா. சாப்பிட்டேன். மணி அடிச்சதும் எந்திரிச்சுப் போயிட்டா.

அவ எடத்துக்கு இதுவரைக்கும் மூணு பேரு வந்து போயிட்டாக. நாரணாபுரத்துல அவ பள்ளிக்கூடத்துல சேர்த்த பிள்ளைகள்ல எத்தனை இன்னிக்குப் பலகையை மடியில வச்சுக்கிட்டு இருக்குன்னு இந்த ஆடியில நீங்களே போயிப் பேரு எழுதப் போறீக. கதவைத் திறக்க மாட்டாக. மைமூனு வரலையான்னு கேப்பாக. அப்பத் தெரியும், எட்டாயிரத்துல நாம மிச்சம் பிடிச்சது என்னன்னு.

உங்கள்ல யாரையாவது ஒருத்தரைக் கமிட்டியில உக்கார வைப்பாக. நல்லவுக நாலு பேரு சுத்தி இருப்பாக, டீ வரும். மூத்தவளை, குறைஞ்ச செலவுக்காரியை அனுப்பாதீக. வாடகை கொடுக்கிறவளை அனுப்புங்க. தாளை அங்கனயே பிரிச்சுப் படிக்கச் சொல்லுங்க, எம்புட்டு நேரம் ஆனாலும். எம்புட்டு வேணும்னு கேட்டா வாடகை, பீஸு, மருந்து, பஸ்சு, வயசான காலத்துக்கு ஒதுக்குறதுன்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சுத் தொகையைச் சொல்லணும். சொல்லி முடிச்சதும் மேசையில ஒரு அமைதி வரும். யாராவது இருமுவாக. ஒருத்தர் கண்ணாடியைக் கழத்துவாரு. அவுகளுக்குச் சங்கடமா இருக்கேன்னு, அதை ஆத்துறதுக்கு ஏதாவது சிரிக்கிற மாதிரிச் சொல்லத் தோணும்.

சொல்லாதீக. கையை மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருங்க.